துப்பாமல் குடிப்பவர்கள்

"மழை வந்தாச்சு! மழைத் திருவிழா வந்தாச்சு!" என்று மலைக்காடு முழுக்க ஒரே கூச்சல்! அன்று மாலை எல்லா மிருகங்களுக்கும் தேநீர் விருந்து. விருந்துக்குத் தேயிலை தருபவருக்கு, ஓடைக்கரைப் பலாமரம் ஓராண்டுக்குச் சொந்தம்.

இந்த முறை தேயிலை தந்தது கிளையாண்டி என்ற கருமந்தி. மூன்று மூட்டை! ஆனால் அதில் ஒரு ரகசியம் இருந்தது. கொழுந்தில் பூச்சி விழுந்ததும் கிளையாண்டி பூச்சி மருந்தை வாரி இறைத்திருந்தது. மருந்தடித்தால் பதினான்கு நாள் கொழுந்து கிள்ளக் கூடாது என்பது காட்டுச் சட்டம். அதுவோ மூன்றாம் நாளே கிள்ளிவிட்டது. பலாப்பழ ஆசை கண்ணை மறைத்துவிட்டது!

அண்டாவில் தேநீர் கொதித்தது. சோதிக்க வந்தது கரடி சப்புக்கொட்டி. "சர்ர்ர்!" என்று உறிஞ்சியது. நாக்கில் உருட்டியது. "தூ!" என்று வாளியில் துப்பியது.

"நிறம் அருமை! மணம் அருமை! திடம் பிரமாதம்!"

"ஒரு நிமிஷம் அண்ணே!" என்றது முள்ளம்பன்றி ஊசியம்மா. "பூச்சி மருந்து இருக்கான்னு பார்த்தீங்களா?"

"என் நாக்குக்குத் தெரியாததா?"

"கொஞ்சமா ஒட்டியிருந்தா எந்த நாக்குக்கும் தெரியாது அண்ணே! அதோட, நீங்க துப்பிடுறீங்க. குடிக்கிறவங்க துப்பமாட்டாங்களே!"

கரடிக்கு முகம் தொங்கிப் போயிற்று. பாவம், அத்தனை வருஷப் பெருமை!

ஊசியம்மா வாலிலிருந்து உள்துளை உள்ள ஒரு முள்ளைப் பிடுங்கியது. ஒவ்வொரு மூட்டையிலும் ஆழமாகக் குத்தி, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தூள் எடுத்தது. "இதை ஆந்தையோட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். நாலு நாள்ல தெரிஞ்சிடும்."

"நாலு நாளா? விருந்து இன்னைக்கு!" என்று கூட்டம் கத்தியது.

கிளையாண்டியின் மனைவி பூவாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்கு ரகசியம் எதுவும் தெரியாது. வயிற்றில் வேறு குட்டி.

"என் வீட்டுக்காரர் தேயிலையையா சந்தேகப்படுறே? இதோ, நானே குடிச்சுக் காட்டுறேன்!"

சிரட்டையில் தேநீரை மொண்டு உதட்டருகே கொண்டுபோனது.

"ஐயோ பூவாயி! குடிக்காதே!"

கிளையாண்டி ஒரே தாவாகத் தாவிச் சிரட்டையைத் தட்டிவிட்டது. தேநீர் தரையில் சிதறியது.

பூவாயி கணவனையே பார்த்தது. பிறகு, வரிசையில் நின்ற மான்களையும் அவற்றின் குட்டிகளையும் பார்த்தது.

"என் குட்டிக்கு ஆகாதது இந்தக் குட்டிகளுக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டது.

கிளையாண்டியால் தலை நிமிரவே முடியவில்லை. பலாமரமும் போயிற்று. மூட்டைகளுக்கு முத்திரை வைத்தார்கள். அன்று எல்லோரும் சுக்குத் தண்ணீர் குடித்துக் கும்மாளம் போட்டார்கள். அது முதல், ஆந்தையின் ஆய்வுச் சீட்டு வரும்வரை சப்புக்கொட்டி "அருமை" என்று வாய் திறப்பதே இல்லை.

தன் வீட்டார் குடிக்கக் கூடாது என்று நினைப்பதை ஊருக்கு ஊற்றித் தருபவன், கடைசியில் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வான்.