மாயாண்டி சார் பூசிய சூரிய உதயம்

தாமரைக் குளத்தின் மேல்கரையில், ஒரு பெரிய மருதமரத்தடியில், காட்டு விலங்குகளின் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே ஓவிய ஆசிரியர் ஒரு பச்சோந்தி. பெயர் மாயாண்டி.

ஓவிய வாத்தியார் வேலைக்கென்றே பிறந்தவர் அவர். ஒரு கண் முன்வரிசையைப் பார்க்கும். மற்றொரு கண் கடைசி வரிசையைப் பார்க்கும். வாலை நிறத்தில் தோய்த்தால் அதுவே தூரிகை. நடை மட்டும்தான் கொஞ்சம் மந்தம். அவர் வகுப்புக்குள் வந்து சேருவதற்குள் பாதி நேரம் போய்விடும்.

இருப்பதே வாரத்தில் ஒரு பீரியடுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. அதையும் கணக்கு வாத்தியார் கொக்கு வெள்ளைச்சாமி அடிக்கடி வந்து வாங்கிக்கொள்வார்.

"மாயாண்டி சார், போர்ஷன் முடியலை. இன்னிக்கு மட்டும்."

"போன வாரமும் இன்னிக்கு மட்டும்னுதானே சொன்னீங்க?"

"அது போன வாரத்து இன்னிக்கு. இது இந்த வாரத்து இன்னிக்கு. பிள்ளைங்க என்ன படம் வரைஞ்சா பொழைக்கப் போறாங்க?"

மாயாண்டிக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் உடம்பு கறுக்கும். கறுத்த உடம்போடு மரத்தடியில் போய் உட்கார்வார். கொஞ்ச நேரத்தில் மரப்பட்டையின் நிறம் வந்து ஒட்டிக்கொள்ளும். கோபமும் தெரியாது, அவரும் தெரியமாட்டார்.

ஒருநாள் தலைமையாசிரியை யானை கஜலட்சுமி அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாயாண்டி சார், பெற்றோர் சில பேர் கேக்கிறாங்க, ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியம் எதுக்குன்னு. எனக்கும் பதில் சொல்லத் தெரியலை. ஒண்ணு பண்ணுங்க. ஒரு கண்காட்சி வைங்க. பெத்தவங்க வந்து பார்க்கட்டும். பிள்ளைக்கு இதனால ஏதோ வந்திருக்குன்னு அவங்க வாயால சொன்னா, பீரியடு உங்களோடது. இல்லேன்னா கணக்குக்குக் கொடுத்துடலாம்."

"சரிங்கம்மா" என்றார் மாயாண்டி. அந்தப் பீரியடு போய்விட்டால் இந்தப் பள்ளியில் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? காலையில் பள்ளி மணியடிக்கலாம். மணியடிக்கப் போய்ச் சேரவே அவருக்கு மத்தியானம் ஆகிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆளுக்கொரு தேக்கிலை கொடுத்தார். பச்சைத் தேக்கிலையில் நகத்தால் கீறினால் கோடு சிவந்து நிற்கும். லேசில் போகாது.

"நீங்க நல்லாப் பார்த்த ஒண்ணை வரைங்க" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு என்றால் தெரியுமே. குரல் உடைகிற வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி.

"பார்க்காததை வரையக்கூடாதா சார்?" என்றது கீரி சடையன்.

"முதல்ல பார்த்ததை வரைடா. பார்க்காததை அப்புறம் பார்க்கலாம்."

வகுப்பு சிரித்தது. பிறகு அதிசயமாக அமைதியானது. சர் சர்ரென்று கீறும் சத்தம் மட்டும் கேட்டது. காட்டுப்பன்றிப் பையன் கொம்பையன் முளைத்தும் முளைக்காத கோரைப்பல்லால் இலையை உழுதுகொண்டிருந்தான்.

"டேய் கொம்பையா, அழுத்தாதே. கிழங்கா தோண்டுறே?"

"மெதுவாப் போட்டா எனக்கு வரமாட்டேங்குது சார்."

பீரியடு முடிந்தது. பிள்ளைகள் இலைகளைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்கள். கொக்கு வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார். ஒற்றைக்காலில் நின்று, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு இலையாகப் பார்த்தார்.

"இது என்ன, கோழி கிளறினதா?"

"குரங்குப் பொண்ணு வாலாம்பா வரைஞ்சது."

"அப்படியா. நான் கோழின்னு நினைச்சிட்டேன். இதையா மாட்டப் போறீங்க? நல்லது சார், நல்லது." சொல்லிவிட்டு அவர் பறந்துபோனார். அந்தக் கடைசி "நல்லது"தான் மாயாண்டியின் காதை விட்டுப் போகவில்லை.

ஒற்றையாக உட்கார்ந்து இலைகளைத் திரும்பப் பார்த்தார். கோடெல்லாம் கோணல். தலை பெருத்து, கால் சிறுத்து, எது எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. கொக்கின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டார் பாருங்கள், அப்புறம் எதுவுமே நன்றாகத் தெரியாது.

"கொஞ்சம் சரி பண்ணினா தப்பில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லா ஓவிய வாத்தியார்களும் கண்காட்சிக்கு முன்னால் சொல்லிக்கொள்வதுதான்.

செம்மண் குழைத்தார். மஞ்சள் அரைத்தார். நத்தை ஓட்டைப் பொடித்துச் சுண்ணாம்பு கலந்தார். பிசின் சேர்த்தால்தான் நிறம் நிற்கும். அதற்கு நேரமில்லை. வாலைத் தோய்த்தார்.

முதல் இலையில் ஒரு வானம் மட்டும் போடலாம் என்றுதான் ஆரம்பித்தார். வானம் வந்ததும் மலை கேட்டது. ஒரு மலை தனியாக நிற்குமா? இன்னொரு மலை வந்தது. நடுவில் சூரியன் வந்தது. சூரியனுக்குக் கீழே ஆறு வந்தது. வானம் வெறிச்சென்று இருக்கிறதே என்று நாலு பறவைகளையும் பறக்கவிட்டார். இருட்டுவதற்குள் எல்லா இலையிலும் பொழுது விடிந்துவிட்டது.

அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகாகப் பூசியதில்லை. உடம்பே மஞ்சளும் சிவப்புமாக மின்னியது.

காலையில் மருதமரத்தின் தாழ்ந்த கிளைகளில் படங்கள் வரிசையாகத் தொங்கின. வாலாம்பா முதலில் வந்து பார்த்தாள்.

"சார், என்னோடது எங்கே?"

"அதோ, அதுதான். கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

"கொஞ்சமா? எங்கம்மாவைக் காணோம் சார்."

"அந்த மலைக்குப் பின்னாடி இருக்காங்கம்மா."

வாலாம்பா மலையைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். வாலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கொம்பையன் வந்தான். "என்னோடது எது சார்?"

மாயாண்டி ஒரு கண்ணை இந்தக் கோடிக்கும் மறு கண்ணை அந்தக் கோடிக்கும் ஓட்டினார். எல்லாம் ஒரே சூரியன். "அது... இந்தப் பக்கம்தான் எங்கேயோ" என்று வாலைப் பொதுவாக வீசினார்.

"உங்களுக்கே தெரியலையா சார்?" என்று கேட்டான் கொம்பையன். நக்கலாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

பெற்றோர் வந்தார்கள். "இதனால பிள்ளைக்கு என்ன வந்திருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் கஜலட்சுமி அம்மா. முதலில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "அடேயப்பா, என்ன நிறம்! என்ன சூரியன்!" மாயாண்டிக்கு உயிர் வந்தது. கஜலட்சுமி அம்மாகூடக் காதை ஆட்டினார்.

கொம்பையனின் அம்மா, கிழிந்த காதுடைய பெரிய பன்றி, நடுவில் நின்று கேட்டாள்: "எல்லாம் ரொம்ப ஜோரா இருக்கு சார். எம்புள்ளை போட்டது எது?"

மாயாண்டி ஒரு இலையைக் காட்டினார்.

"அது எம்பொண்ணோடதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றது வாலாம்பாவின் அம்மா குரங்கு.

"அப்ப அந்தப் பக்கத்துது."

"அதை எங்க சடையன் படம்னு நான் முத்தமே கொடுத்துட்டேன்" என்றது கீரித்தாய். வாயெல்லாம் செம்மண்.

"நீ எதுக்கு எம்புள்ளை படத்துக்கு முத்தம் கொடுக்கிறே?"

"உன் படம்னு பேரா எழுதியிருக்கு?"

சண்டை கிளம்பியது. கொக்கு வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு கணக்குக்கு எல்லாரும் ஒரே விடை போட்டா அது சரி. படத்துலயும் அப்படித்தானா மாயாண்டி சார்?"

கஜலட்சுமி அம்மா ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. "எல்லாருக்கும் ஒரே படம்தான்னா, ஒண்ணை மாட்டிவெச்சாப் போதுமே சார். வாராவாரம் பீரியடு எதுக்கு? வெள்ளைச்சாமி சார், வர்ற வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்களே..."

"இருங்கம்மா" என்றது ஒரு குரல். கொம்பையனின் அம்மாதான். அவள் யாரையும் சட்டை செய்யாமல், ஒவ்வொரு இலையாக மூக்கை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஓர் இலையில் மூக்கு நின்றது.

"இதுதான். மேலே என்னத்தையோ பூசியிருக்கு. அடியில கோடு குழிகுழியா ஓடுது. மண்ணைக் கிளறும்போதும் இவன் இப்படித்தான் அழுத்துவான். கண்ணுக்குத் தெரியலை, மூக்குக்குத் தெரியுது."

மாயாண்டி அந்த இலையைப் பார்த்தார். இருப்பதிலேயே நல்ல சூரியன் அதில்தான் வந்திருந்தது. இனி ஒருதரம் போட்டாலும் அப்படி வராது. பிள்ளைகளைப் பார்த்தார். வாலாம்பா இன்னும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பேசாமல் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொள்ளலாம். அது அவருக்குக் கைவந்த கலை. உடம்பு பட்டையின் நிறத்துக்கு மாறவும் தொடங்கியது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னால் அவர் நிறுத்தியதே இல்லை.

"அம்மா, இதெல்லாம் பிள்ளைங்க வரைஞ்சது இல்லை. மேலே இருக்கிறது பூரா நான் பூசினது. அவங்க படம் அடியில இருக்கு. தும்பிக்கையில கொஞ்சம் தண்ணி எடுங்க."

"எதுக்கு சார்?"

"இலைங்க மேல அடிங்க, சொல்றேன்."

கஜலட்சுமி அம்மா குளத்தில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சினார். ஒரு பீய்ச்சு. மலை கரைந்தது. இன்னொரு பீய்ச்சு. சூரியன் வழிந்து தரையில் ஓடியது. பிசின் சேராத நிறம் நிற்குமா? மாயாண்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மறு கண்ணை மூட மனம் வரவில்லை.

ஈர இலைகளில் சிவப்புக் கோடுகள் எழுந்து வந்தன.

"ஐயோ, இது நான்தான்" என்றது அம்மாக் குரங்கு. இலையில் ஒரு குரங்கு, நாக்கைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. "பேன் பார்க்கும்போது நான் நாக்கையா கடிக்கிறேன்?"

"எப்பவும்" என்றாள் வாலாம்பா. இப்போது அவள் கிளையின் நுனிக்கே வந்திருந்தாள்.

அடுத்த இலையில் ஒரு கரும்பலகை. அதன் முன்னால் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது. அலகின் ஓரத்தில் ஒரு மீன் வால் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே சடையனின் நகக்குறி.

மருதமரமே குலுங்கியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அது நான் கணக்கு யோசிச்சிட்டிருந்தப்போ" என்றார் வெள்ளைச்சாமி.

"வாயில மீனோடவா சார்?" என்றார் கஜலட்சுமி அம்மா.

வெள்ளைச்சாமி கழுத்தை நீட்டி இலையை உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கால் மடங்குற கோணம் சரியாப் போட்டிருக்கான்" என்று முனகினார். கணக்கு வாத்தியார் அல்லவா, அதை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை.

கொம்பையனின் படத்தில் ஒரு பெரிய பன்றி. முன்பக்கம் இல்லை, பின்பக்கம். பின்னால் வரிசையாகக் குட்டிகள்.

"ஏண்டா, வரையறதுக்கு என் பின்பக்கம்தான் கிடைச்சுதா உனக்கு?"

"உன் பின்னாலதானே நடந்து வர்றேன்? எனக்கு அதானே தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மூக்கை இலைக்கு அருகே கொண்டுபோனவள் சிரிப்பை நிறுத்தினாள். படத்துப் பன்றியின் இடது காது கிழிந்திருந்தது. சிறுத்தை பாய்ந்த அன்று குட்டிகளை மறைத்து நின்றபோது கிழிந்த காது. கிழிசலின் வளைவைக்கூட அவன் விடவில்லை.

"இதை நீ பார்த்திருப்பேன்னே நான் நினைக்கலைடா" என்றாள். குரல் இறங்கிப்போயிற்று.

"எப்பவும் அதைத்தான் பார்ப்பேன்" என்றான் கொம்பையன், காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே.

அவள் கஜலட்சுமி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக்கு என்ன வந்திருக்குன்னு கேட்டீங்களேம்மா. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

ஓவியப் பீரியடு மாயாண்டிக்கே இருந்தது. "கணக்குப் பீரியடுல இனிமே நானும் வந்து உட்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கஜலட்சுமி அம்மா போனார். அதைக் கேட்டு வெள்ளைச்சாமி இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொம்பையன் ஒரு மரம் வரைந்தான். மரம் விழுந்துவிடும்போலச் சாய்ந்திருந்தது. மாயாண்டியின் வால் துறுதுறுத்தது. அவர் அதைக் கிளையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"சார், இது சரியா இருக்கா?"

"நீ பார்த்த மரம் அப்படியா நின்னுது?"

"ஆமா சார். யானை முதுகு சொறிஞ்ச மரம்."

"அப்புறம் எங்கிட்ட ஏண்டா கேக்கிறே?"

சொல்லிவிட்டு அவரும் ஓர் இலையை எடுத்தார். அதில் தன் உருவத்தையே கீறினார். கண், வால், முதுகின் வளைவு எல்லாம் வந்தது. நிறம் பூச வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த வாலாம்பா கேட்டாள்: "நிஜத்துல நீங்க என்ன நிறம் சார்?"

"அதைத்தாம்மா பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார் மாயாண்டி.

பிள்ளை போட்ட கோட்டின் மேல் தன் நிறத்தைப் பூசுகிற ஆசிரியர், அதை எவ்வளவு அழகாகப் பூசினாலும், அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கண்ணுக்கே அடையாளம் தெரியாமல் செய்துவிடுகிறார்.