பட்டியலின் முதல் பொருள்

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு இருபத்தொன்பது.

குருவின் பெயர் பிளெஸி. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், சனிக்கிழமை மதியங்களில் ஸ்கிராப்புக் செய்யக் கற்றுக்கொடுத்தார். பழைய படம், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் ஓரம் என்று வாழ்க்கையில் உதிராமல் மிஞ்சியதை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி வைக்கும் வேலை.

சீடர் நெல்லையப்பன், தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் பார்சல் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பிலேயே கேட்டார்.

"டீச்சர், இதைத் தொடங்க அவசியமா என்னென்ன வாங்கணும்?"

"இப்ப ஒண்ணும் வாங்காதீங்க சார். ஒரு படம் கொண்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்புக்கு ரொம்ப நேரம் முன்பே வந்துவிட்டார். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையிலிருந்த பையை மேஜைமேல் கவிழ்த்தார். நெளிநெளியாக வெட்டும் கத்தரி, பூ வடிவத்தில் ஓட்டை போடும் பஞ்ச், ஏழு கலரில் டேப், கட்டர், ஜிகினா, மூன்று வகைப் பசை.

"வாங்க வேண்டாம்னு சொன்னேனே?"

"நெட்டுல இதெல்லாம் இல்லாம முடியாதுன்னு போட்டிருந்துச்சும்மா."

"படம்?"

அவர் அக்குளில் இடுக்கியிருந்த நோட்டை எடுத்தார். ஆனால் திறக்கவில்லை.

"ஒட்டிட்டேன்."

குரு நோட்டை வாங்கித் திறந்தார். கறுப்பு வெள்ளைப் படம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளைப் பிடித்து நிற்கிறான். முன்கம்பியில் ஒரு சின்னப் பையன், அழுது முடித்த முகம்.

"கம்பியில இருக்கறது நான். பிடிச்சிருக்கறது எங்க அண்ணன். இப்ப இல்லை."

"நல்லாத்தானே ஒட்டியிருக்கீங்க?"

"படம் என்னுது இல்லம்மா. மதினியோடது. இரவல்."

குரு அவரைப் பார்த்தார்.

"அண்ணன் செத்தப்ப நான் ஒரு நாள் பிந்திப் போனேன். அதுலேருந்து ஒம்பது வருஷம் மதினி என்னோட பேசலை. போன வாரம் போன் பண்ணி, ஒரு படம் கிடைக்குமான்னு கேட்டேன். கொடுத்தனுப்பினாங்க. நேத்து ராத்திரி ஒட்டிட்டேன். காலையில போன் வருது. 'நாளைக்கு நானே வாரேன். படத்தை எடுத்து வையுங்க. வேற படம் கிடையாது.'"

"நோட்டோட கொடுக்கலாமே?"

"இரவல் வாங்கி ஒட்டிக்கிட்டான், இவன் இன்னும் மாறலைன்னு நினைப்பாங்க."

குரு படத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். நாலு மூலை, நாலு ஓரம், ஒரு நூலிழை இடைவெளி இல்லை.

"இப்படி யாரு சார் ஒட்டுவா?"

"பார்சல்ல விலாசத்தை அப்படித்தாம்மா ஒட்டணும். ஓரம் தூக்குச்சுன்னா பொட்டலம் ஊரு போய்ச் சேராது."

"தண்ணியில போட்டீங்களா?"

"தபால்தலைன்னா போட்டிருப்பேன். இதுல அண்ணன் மூஞ்சி கரைஞ்சிருச்சுன்னா?"

சீடர் கட்டரை எடுத்து நீட்டினார். குரு அதை வாங்கி மேஜையின் மறுகோடியில் வைத்தார். பிறகு கத்தரியை, பஞ்சை, டேப்பை, பசைகளை, ஒவ்வொன்றாக அங்கேயே வைத்தார். மேஜை காலியானது.

அலமாரியிலிருந்து முடி உலர்த்தும் டிரையரை எடுத்து, படத்தின் ஒரு மூலைக்கு இளஞ்சூட்டில் காட்டினார். மூலை ஒரு அரிசி அளவு தூக்கியது. தையல் பெட்டியைத் திறந்து ஒரு முழம் நூல் அறுத்து, சீடரிடம் கொடுத்தார்.

"ரெண்டு கையிலயும் பிடிங்க. மூலைக்கு அடியில விடுங்க. இழுக்காதீங்க. போய்ப் போய் வரட்டும்."

"நானா? கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். நூலுக்கு அது தெரியாது."

நூல் போய் வந்தது. குரு அதற்கு முன்னால் முன்னால் சூடு காட்டிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒட்ட எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்ப உட்கார்ந்துக்கிடுங்க சார்."

மற்ற மாணவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். அவரவர் நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். நூல் சைக்கிள் சக்கரத்தைத் தாண்டியது, அண்ணனின் காலைத் தாண்டியது. கடைசி ஓரம் விட்டபோது சீடருக்கு மூச்சு பெரிதாக வந்தது. வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முகம் இரண்டும் அப்படியே இருந்தன. பின்பக்கம் மட்டும் நோட்டுத் தாளின் வெள்ளைத் தோல் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"இது மேல ஒரு நல்ல தாளை ஒட்டி மறைச்சிரலாமா டீச்சர்?"

"திரும்பவும் ஒட்டணுமா சார்?"

சீடர் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சரியான நேரத்துக்கு வந்தார். எல்லாப் பட்டனும் அதனதன் இடத்தில் இருந்தன.

"மதினி வந்தாங்களா?"

"வந்தாங்க. நின்னுக்கிட்டே வாங்கினாங்க. முதல்ல திருப்பித்தான் பார்த்தாங்க. 'ஒட்டினீங்களா தம்பி?'ன்னாங்க. 'ஆமா மதினி.' 'அப்புறம் எடுத்தீங்களாக்கும்?' 'ஆமா.' அந்தத் திட்டை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் உட்கார்ந்துட்டாங்க."

"சரி."

"காபி ரெண்டு டம்ளர் குடிச்சாங்கம்மா. 'சீனி கம்மி'ன்னு வேற திட்டினாங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மூக்கை உறிஞ்சினார். மறுபடி சிரித்தார்.

"ஜெராக்ஸ் கடையில ஒரு நகல் எடுத்துக்கோங்கன்னு படத்தைத் திரும்பக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. ஆனா டீச்சர், நான் முதல் நாள் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. அவசியமா என்னென்ன வேணும்?"

குரு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். சீடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

நூல்.

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"பசை எழுதலையே?"

"அது உங்ககிட்ட நிறையவே இருக்கு சார்."