முப்பத்திரண்டைக் கூட்டிக்கொண்ட மலை

இதை எனக்கு முதலில் சொன்னவள் பூக்காரி சுந்தராம்பாள். இந்தக் கார்த்திகையில், போன திங்கட்கிழமை, கோயில் வரிசையில் நிற்கும்போது சொன்னாள். முருகன் மேல் ஆணை, நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

எங்கள் தெருச் சஷ்டிக் குழு, மலைக்கோயிலுக்குப் போக வேன் பிடித்திருந்தது. ஓட்டுவது யார் என்பதுதான் பாக்கி. பத்து மாதமாக ஸ்டியரிங் தொடாத டிரைவர் நாகலிங்கத்துக்குக் கை நமநமவென்று அரித்தது. சாவியோ குழுத்தலைவி பாக்கியத்தம்மாள் இடுப்பில்.

"மலை ஏறிப் பழக்கம் உண்டா தம்பி?"

"பழக்கமாவா? போன தையிலே ஏறினேன்க்கா. அடிவாரத்துல போர்டு, 'ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஐந்து டிகிரி செல்சியஸ் குறையும்'னு. என் வேன் மீட்டரோ பழைய பாரன்ஹீட். விடுவேனா? அஞ்சை ஒன்பதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினேன். நாற்பத்தொண்ணு! அடிக்கணக்குல, எண்பது அடிக்கு ஒரு டிகிரி!"

ஐஸ் கம்பெனியில் மீட்டர் பார்க்கும் செல்லக்கிளி நிமிர்ந்தாள். "அண்ணே, அந்தக் கணக்கு..."

"இரு தங்கச்சி, குளிரே இன்னும் ஆரம்பிக்கலை. கீழே தொண்ணூத்தஞ்சு. ஒரு கிலோமீட்டர் உயரத்துல அம்பத்துநாலு. ரெண்டாவதுல பதிமூணு! டீயைக் குடிக்க முடியலை, முறுக்கு மாதிரி கடிச்சேன். மேட்டுல வண்டி நிக்கிறப்போ முன்சீட்டுல மார்கழி, பின்சீட்டுல சித்திரை. பின்னாடி இருந்தவங்க விசிற, முன்னாடி இருந்தவங்க தும்முறாங்க!"

"பொய்யி!" என்று சிரித்தார்கள் பெண்கள்.

"இன்னும் கேளுங்க. உச்சி வளைவுல பிரேக் போச்சு. வண்டி பின்னாலே உருளலையே! சைலன்சர் புகை அப்படியே உறைஞ்சு, பதினெட்டு வளைவுலயும் வளைஞ்சு, அடிவாரம் வரைக்கும் இரும்புக் குழாயா முட்டுக் கொடுத்துச்சு. இறங்கும்போது அதையே தண்டவாளமாக்கி, சர்ருன்னு வந்தேன்."

செல்லக்கிளி எழுந்தே விட்டாள். "அண்ணே, ஒரு இடத்துச் சூட்டைப் பாரன்ஹீட்டா மாத்தினாத்தான் முப்பத்திரண்டு கூட்டணும். எவ்வளவு குறையுதுங்கறதை மாத்தினா பெருக்கி வகுக்கறதோட சரி. அஞ்சுக்கு ஒன்பதுதான். உச்சியிலே எழுபத்தேழு இருந்திருக்கும். வேர்த்திருக்கும் உங்களுக்கு!"

கொல்லென்ற சிரிப்பு. பாக்கியத்தம்மாள் சாவியை இன்னும் இறுக்கிச் செருகினார். நாகலிங்கம் செல்லக்கிளியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீ சொல்றதுதான் தங்கச்சி சரி. கீழே வந்தப்புறம் எனக்கும் உறைச்சுது. ஆனா நான் கணக்குப் போட்டப்போ மலை பார்த்துக்கிட்டே இருந்துச்சே, அது நம்பிடுச்சு! பாவம், வெள்ளந்தி. அதனால மறுநாளே திரும்ப ஏறி, 'முப்பத்திரண்டை அடிச்சிடு சாமி, என் தப்பு'ன்னு சொல்லிட்டு வந்தேன். இப்போ ஒன்பதுதான் குறையுது. பயப்படாம வாங்க!"

சிரித்துச் சிரித்துப் புரையேறிய பாக்கியத்தம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே சாவியை உருவி நீட்டினார். "மலையே கேக்குதுன்னா வண்டி கேக்காதா? ஓட்டு தம்பி. ஆனா கணக்கை மட்டும் செல்லக்கிளி போடட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். உங்களிடம் பழைய ஸ்வெட்டர் இருந்தால், ஒன்று இரவல் தாருங்கள்.