கீழே வைத்த கோப்பை

அரபு நாட்டுக்குப் போன முதல் நாள், கமுதி மலைச்சாமி ஒன்பது கோப்பை காபி குடித்தான். காலிக் கோப்பையை லேசாக ஆட்டினால்தான் அங்கே 'போதும்' என்று அர்த்தம். அது தெரியாத அவனைப் பார்த்து முதலாளி வீடே சிரித்தது.

அதன்பிறகு மூன்று வருஷம் அந்த வீட்டு விருந்தாளிகளுக்குக் காபி ஊற்றியது அவன்தான். லீவு கேட்டபோதெல்லாம் முதலாளி, "எங்க பழக்கம் முழுசாத் தெரியட்டும், பார்க்கலாம்" என்றார்.

பெருநாளன்று, பெரிய மனிதர்கள் முன்னால் முதலாளி தாராளம் காட்ட நினைத்தார். "மலைச்சாமி, இன்னிக்கு நீயும் என் விருந்தாளி" என்று தானே ஊற்றிக் கொடுத்தார்.

அவன் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தான். அந்த ஊர் வழக்கப்படி, விருந்தாளி அப்படி வைத்தால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் வீட்டுக்கே அவமானம்.

"இதை யாருடா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான் முதலாளி, முழுசாத் தெரியணும்னீங்க."

"என்ன வேணும்?"

"நான் வந்தப்புறம் பிறந்த மக. நடக்கப் பழகினதையே போன்லதான் பார்த்தேன். ஒரு தடவை தூக்கணும்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். "போயிட்டு வா" என்றார்.

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். முதலாளி மறுபடி ஊற்ற வந்தார்.

மலைச்சாமி கோப்பையை ஆட்டினான்.