சைவக் கோழி

வேலப்பன் மலைமேல் இருந்த மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அங்கே குருவாக இருந்த அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மகள் வயதில் இருந்தவரைக் கும்பிட்டு, "அம்மா, எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டார். அதில் அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும்.

மலையடிவாரத்தில் ஆடும் கோழியும் அறுத்து விற்கும் கறிக்கடை வைத்திருந்தவர் அவர். ஒரு நாள் விடியலில் கடை திறக்கப் போனவர், திறக்காமலே திரும்பிவிட்டார். கத்திகளை எல்லாம் ஆற்றில் வீசினார் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் மைத்துனனிடம் கொடுத்தார். மைத்துனனுக்கு வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

தன்னால் இனி ஓர் உயிரும் போகக் கூடாது. வேலப்பன் கேட்டது அது ஒன்றைத்தான். தரையைப் பார்த்துப் பார்த்து நடப்பார். விளக்கில் ஈசல் விழுந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

அப்போதுதான் அந்தக் கோழி வந்தது.

பிள்ளைக்கு உடம்பு தேறியதும், நேர்ந்துவிட்ட கோழியை ஒரு குடும்பம் மடத்து வாசலில் விட்டுப் போனது. செவலை நிறம், இளம் பெட்டை. அறுக்கக் கூடாத கோழி. வேலப்பன் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டார். சாந்தா என்று பேர் வைத்தார். கடையில் எத்தனையோ கோழிகளைத் தூக்கியிருக்கிறார், ஒன்றுக்கும் பேர் வைத்ததில்லை.

அம்மை அன்று தெற்கே யாத்திரை கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பத்திரமாப் பார்த்துக்கங்க அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலப்பன் பார்த்துக்கொண்டார். அதுதான் வம்பாகப் போயிற்று.

முதல் நாளே சாந்தா ஒரு மண்புழுவை இழுத்து, அவர் கண்ணெதிரே விழுங்கினாள். இந்தக் கோழியை வளர்ப்பவன் நான். இது தின்னும் ஒவ்வொரு புழுவும் என் தலையில்தானே விடியும்? அப்படித்தான் அவர் யோசனை ஓடியது.

அன்றைக்கே கல் பாவிய முற்றத்தில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் சாந்தாவைக் குடிவைத்தார். மண் வாசமே கிடையாது. காலையில் பொங்கல், மத்தியானம் நெய் விட்ட பருப்புச் சோறு, இடையில் வாழைப்பழம். எப்போதாவது வெளியே விட்டால் பனையோலை விசிறியோடு பின்னாலேயே போவார். எறும்பு வந்தால் எறும்பை விசிறுவார். வண்டு வந்தால் வண்டை விசிறுவார்.

சமையல் செய்யும் கோமு கேட்டாள்: "கோழி கிளறாம இருக்குமா அண்ணாச்சி?"

"பழக்கினா இருக்கும். நானே விட்டுட்டேன், இது விடாதா?"

கோமு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மடத்தில் சோறு பொங்க வந்தவள், தத்துவம் பேச வரவில்லை.

செய்தி கீழே ஊருக்குள் பரவியது. புழு தின்னாத கோழியைப் பார்க்க ஆட்கள் மலையேறி வந்தார்கள். சைவக் கோழி என்று பேர் விழுந்தது. ஒருவர் கற்பூரம் காட்டலாமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் என்றுதான் வேலப்பன் சொன்னார். ஆனால் அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது.

சாந்தா கொழுத்தாள். முட்டையும் இட்டாள். முதலில் நல்ல முட்டைகள். பிறகு ஓடு மெலிந்தது. பிறகு ஓடே இல்லாமல் வெறும் தோல் முட்டை, தொட்டால் கையோடு உடைந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

அம்மை யாத்திரை முடிந்து ஒரு காலை வேளையில் திரும்பினார். முற்றத்தில் சாந்தா இறகை உப்பிக்கொண்டு, வால் தொங்கிப்போய், கண்ணைப் பாதி மூடி நின்றாள். நெற்றியில் திருநீறு. பக்கத்தில் வேலப்பன் கண்ணை மூடி மந்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, கோழிக்குப் பட்டை போட்டிருக்கீங்க?"

வேலப்பன் எழுந்தார்.

"நேத்துலருந்து ஒண்ணும் திங்கலம்மா. முக்குது, முக்குது, ஒண்ணும் வரல. என் கண்ணு முன்னால போயிருமோன்னு பயமா இருக்கும்மா."

அம்மை மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். கோழியின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

"முட்டை மாட்டிக்கிட்டிருக்கு. கோமு, வெந்நீர் வை. கை பொறுக்கிற சூடு போதும்."

வாய் அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினார்கள். அடிவயிறு முழுக நிற்கும்படி சாந்தாவை அதில் இறக்கினார் அம்மை.

"பிடிச்சுக்கங்க அய்யா."

வேலப்பன் பிடித்தார். கோழியைப் பிடிக்க அவர் கைக்கு நன்றாகத் தெரியும். பிடித்தபின் ஒரே ஒரு வேலைதான் அந்தக் கைக்குத் தெரியும். இன்று அது பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது.

சாந்தா முதலில் சிறகடித்தாள். கொஞ்ச நேரத்தில் சூடு உடம்பில் ஏற, குளத்தில் இறங்கிய எருமை மாதிரி அப்படியே அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"செத்துப்போச்சாம்மா?"

"சுகமா இருக்குது. விடுங்க."

வெந்நீர் ஆறுவதற்குள் எடுத்துத் துண்டால் துவட்டினார்கள். அம்மை விளக்கெண்ணெயைத் தொட்டுப் பின்பக்கம் தடவினார். வேலப்பன் வயிற்றை அமுக்கிவிடக் கையைக் கொண்டுபோனார்.

"அமுக்காதீங்க. உள்ளேயே உடைஞ்சா அப்புறம் பிழைக்காது."

வேலப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டார் அம்மை. பிறகு களஞ்சிய அறையில் வைக்கோல் பரப்பிய கூடைக்குள் கோழியை வைத்துச் சாக்கால் மூடினார். இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. இருவரும் வெளியே உட்கார்ந்தார்கள்.

"நான் போனப்புறம் என்ன குடுத்தீங்க?"

வேலப்பன் சொன்னார். பொங்கல், பருப்புச் சோறு, நெய், பழம்.

"புழு பூச்சி?"

"ஒண்ணுகூட விடலம்மா. சத்தியமா."

பாராட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். பாவம்.

அம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"முட்டைக்கு ஓடு எங்கிருந்து வரும்?"

"தெரியலம்மா."

"நத்தை, மண்ணு, புழுன்னு கோழி கிளறித் தின்னும். அதுலருந்து வரும். அது கிடைக்கலன்னா தன் எலும்பை உருக்கி ஓடு கட்டும். அதுவும் குறைஞ்சா இப்படித்தான். முட்டையைத் தள்ளக்கூடத் தெம்பு இருக்காது."

வேலப்பன் களஞ்சிய அறைக் கதவைப் பார்த்தார்.

"அப்ப, நான்தானா?"

அம்மை குளிக்க எழுந்து போனார். வேலப்பன் அங்கேயே இருந்தார். எதைச் செய்யக் கூடாது என்று கடையை விட்டு வந்தாரோ, அது கூடைக்குள் நடந்துகொண்டிருந்தது.

உச்சி வெயில் சாயும்போது கூடைக்குள்ளிருந்து பெருங்கொக்கரிப்பு. வேலப்பன் சாக்கைத் தூக்கினார். வைக்கோலில் ஒரு முட்டை கிடந்தது. சொரசொரப்பாக, ஒரு கோடு ரத்தத்தோடு, அவலட்சணமான முட்டை. சாந்தா இறகை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அவர் வேட்டி நுனியைக் கொத்தினாள்.

வேலப்பன் அழுதார். கோமு பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதார்.

அம்மை வந்து முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது வந்துருச்சு. அடுத்ததும் இப்படி மாட்டினா என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

"அதுக்கு என்ன செய்யணும்மா?"

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டைக் காட்டினார் அம்மை.

வேலப்பனுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அங்க புழு இருக்குமேம்மா."

"நிறைய இருக்கு."

"கொல்லுமே."

"கொல்லும்."

"நான் கொண்டுபோய் விட்டா, நான் கொன்ன மாதிரிதானே?"

"விடாட்டி?"

வேலப்பன் கையை நீட்டிச் சாந்தாவின் முதுகைத் தடவினார்.

"நீங்க தூக்கி வளர்த்த கோழி. நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டு அம்மை உள்ளே போனார்.

வெயில் முற்றத்தைவிட்டு இறங்கியது. கூடையின் முன்னால் வேலப்பன் உட்கார்ந்தே இருந்தார். ஒருமுறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். கடைசியில் சாந்தாவை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் இறக்கினார். விசிறியை எடுத்துப் போகவில்லை.

சாந்தாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அசையாமல் நின்றாள். ஒரு காலால் லேசாகக் கிளறிப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. அவ்வளவுதான், இரண்டு காலும் மாறி மாறிக் கிளற, குப்பை பின்னால் தெறித்து வேலப்பன் வேட்டியெல்லாம் சாணித்தூள். வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது. கொத்தினாள், விழுங்கினாள், அடுத்ததைத் தேடினாள். தொண்டைக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டு போனாள். இத்தனை நாள் பொங்கல் தின்னும்போது அந்தச் சத்தத்தை வேலப்பன் கேட்டதே இல்லை.

அவர் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தார். புழுவுக்காக மனசு வலித்தது. கோழியைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வருவது அவருக்குப் புதிது.

சமையலறைப் பக்கமிருந்து கோமு எட்டிப்பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, சாந்தா விரதம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது கோமு" என்றார் வேலப்பன். சிரிப்பு வந்துவிட்டது.

அம்மை வந்து பக்கத்தில் நின்றார். கோழி சாணத்தைப் புரட்டுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அய்யா."

"கடையில செஞ்சது கொலைன்னு யாரும் எனக்குச் சொல்லல. எனக்கே தெரிஞ்சுது. விட்டுட்டு வந்துட்டேன். இங்கயும் ஒரு உயிரக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுக்கிட்டுதான் இருந்திருக்கேன். இது மட்டும் ஏம்மா எனக்குத் தெரியல?"

அம்மை அவசரப்படாமல் சொன்னார்:

"அங்க ஆடு கத்துச்சு, உங்க காதுல விழுந்துச்சு. இது எங்க கத்தும்? வாய் நிறைய நெய்ச்சோறு ஊட்டி வச்சிருந்தீங்களே."