உறுமல் மூச்சு வாங்கிய இடம்

இந்தக் கதை எனக்கு விடுதித் தோழி சொன்னது. அவளுக்கு அவள் அக்கா சொன்னாளாம். அதனால், கிட்டார்க் கம்பியும் உறுமலும் பேசிக்கொண்டதை நேரில் கேட்டவர் யார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தூத்துக்குடியில் ரெஜினா என்ற பெண்ணின் தொண்டையில் ஓர் உறுமல் குடியிருந்தது. அவள் கிட்டார் வாசித்தபடி டெத் மெட்டல் பாடுபவள். அந்த இசையில் பாட்டை உறுமித்தான் பாடுவார்கள். உறுமலுக்கு அதில் பெருமைதான். ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. செத்துப்போன நாய் சோடாவை நினைத்து அது ஒரு பாட்டு பாடும். கேட்பவர்களோ, யாரையோ திட்டுகிறது என்று நினைப்பார்கள்.

சோடாவைக் குழி தோண்டிப் புதைத்தவர் ரெஜினாவின் அப்பா சவரிமுத்து. ஒருநாள் அவர் கச்சேரிக்கு வரச் சம்மதித்தார்.

"ஒரே பாட்டுதான். பிடிக்கலன்னா பாதியில எந்திச்சுப் போயிருவேன்."

இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார்.

மேடைக்குப் பின்னால் உறுமல் நடுங்கியது. "போயிட்டார்னா? நான் சோடாவுக்குத்தான் அழுறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் சத்தமாக் கத்துல. நான் இடிக்கேன்" என்றது கிட்டாரின் தடித்த கம்பி.

"பஞ்சு வச்சிருக்காரேண்ணே!"

"பஞ்சுக்குள்ள நுழைய என்னை மாதிரி ஒல்லியா இருக்கணும்" என்றது ஓரத்து மெல்லிய கம்பி.

தடித்த கம்பி சிரித்தது. "ஏ பிள்ள, இது என்ன கல்யாணக் கச்சேரியா? உன்னை யாரும் தொட்டே மாசக்கணக்காச்சு. முதல்ல துருவைத் தட்டு."

"துருவோடயே வாரேண்ணே. அவங்க வீட்டுச் சுவர்லதான தொங்குறோம்? சாயங்காலம் சோடாவை அவர் விசிலடிச்சுக் கூப்பிடுவாரே, அது எனக்கு வரும்."

உறுமல் தயங்கியது. "நீ வந்தா என்னை அழுமூஞ்சின்னு சொல்லிருவாங்க."

"நீ அழுமூஞ்சிதான?"

டிரம் குலுங்கிச் சிரித்தது. உறுமலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ மூச்சு வாங்குற இடத்தை மட்டும் எனக்குக் குடு. போதும்" என்றது மெல்லிய கம்பி.

பாட்டு தொடங்கியது. தடித்த கம்பி இடித்தது. டிரம் தலைதெறிக்க ஓடியது. உறுமல் உயிரைக் கொடுத்து உறுமியது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

அவசரமாக மூச்சை இழுத்துக்கொண்டு உறுமல் மறுபடி பாய்கிற இடம் வந்தது. இந்த முறை அது பாயவில்லை. காத்திருந்தது. ரெஜினாவின் விரல் மெல்லிய கம்பிக்கு நகர்ந்தது.

குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. இந்த இசைக்காகக் கம்பிகளையெல்லாம் தளர்த்திச் சுருதியை இறக்கியிருந்தார்கள். அதனால் அந்த விசில், நாய் வராது என்று தெரிந்தும் அடித்த விசில் போல ஒலித்தது.

அப்பா போகாமல் நின்றார்.

தடித்த கம்பி இடிப்பதை விடவில்லை. விசிலைத் தோளில் தூக்கிக்கொண்டு இடித்தது. பிறகு உறுமல் திரும்பி வந்தது. அதே உறுமல்தான். அப்பா உட்கார்ந்தார்.

அவர் இரண்டு பஞ்சையும் பிடுங்கி எறிந்தார், கடைசியில் அவரே விசிலடித்தார் என்று தோழி கதையை முடித்தாள். எனக்குச் சந்தேகம். பிறகு ரெஜினாவிடமே விசாரித்தேன்.

விசிலடித்தது உண்மைதான். பஞ்சை மட்டும் ஒரு காதிலிருந்துதான் எடுத்தாராம்.