பாவாடைக்கு ஒட்டு

அவிநாசிப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்த மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரைத் தேடி வரும் சிஷ்யை சௌந்தரத்துக்கு ஐம்பதுக்கு மேல். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்விப் பிரிவுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவர். குருவே அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று சௌந்தரம் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

“என்ன டீச்சர், சாமி மேல கோவமா?”

“என் மேலதானுங்கம்மா. கனகவல்லின்னு என்கிட்டப் படிச்ச பிள்ளை. பரீட்சை முடிவு வர்றதுக்கு முன்னாடியே பனியன் கம்பெனியில வேலை கிடைச்சுது. பள்ளிக்கூடம் பூரா மிட்டாய் குடுத்தேன். இப்ப அவளுக்கு முப்பது வயசு. அங்க வரையிறது, வெட்டுறதெல்லாம் கம்ப்யூட்டர்னு ஆயிப்போச்சு. கணக்குத் தெரிஞ்சவங்களை வச்சுக்கிட்டு இவளை நிறுத்திட்டாங்க.”

“வந்து வைதாளா?”

“வைதிருந்தாத் தேவலைங்க. நேத்து பள்ளிக்கூடத்துக்கு வந்தா. பிள்ளைங்க தைக்கிறதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பக்கத்து வகுப்புச் சன்னல் ஓரமா நின்னு கணக்கு நடத்துறதைக் கேட்டுக்கிட்டே இருந்தா. ‘இங்க படிக்கிறப்பவும் மெஷின் மிதிக்கையில இது காதுல விழும் டீச்சர். ஒரு நாளாவது உள்ள போய் உட்காரணும்னு இருக்கும்’னா. அவ்வளவுதான் சொன்னா.”

சௌந்தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் அந்தப் பிள்ளைக்கு நல்லது செஞ்சேனா, கெட்டது செஞ்சேனா? அதைச் சொல்லுங்கம்மா.”

குரு எழுந்து உள்ளே போய் ஒரு மஞ்சள் துணியை எடுத்து வந்தார்.

“நம்ம மடத்துல சமைக்கிறவங்க மகளுக்கு ஏழு வயசு. திருவிழா வருது. ஒரு பாவாடை தைச்சுக் குடுங்க.”

கேட்டது பதில், கிடைத்தது வேலை. சௌந்தரத்துக்கு உள்ளுக்குள் சங்கடம்தான். ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் மடத்து மெஷினில் உட்கார்ந்தார். வெயில் தாழ்வதற்குள் முடித்துவிட்டார்.

குரு பாவாடையை விரித்துப் பார்த்தார். “இதென்ன, சுத்திலும் மடிச்சு மடிச்சுத் தைச்சிருக்கு?”

“டக் பிடிச்சிருக்கேனுங்க. வளர்ற பிள்ளை. அடுத்த வருஷம் தையலைப் பிரிச்சா நீளம் வந்துரும்.”

“ஏழு வயசுன்னா வளரும்னு தெரியுது உங்களுக்கு.”

சௌந்தரம் தலை குனிந்தார். மெஷினில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“கனகவல்லியும் அப்ப வளர்ற பிள்ளைதான். அவளுக்கு நான் டக் பிடிக்கலைங்களேம்மா. இனிப் பிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“உள்ள துணி விடாத பாவாடை குட்டையாப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுருவீங்களா?”

“அதெப்படிங்க? கீழ வேற துணி வச்சு ஒட்டுக் குடுப்போம்.”

“அதைச் செய்ங்க.”

“நிறம் சேராதுங்கம்மா. முப்பது வயசுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட போய் உட்கார்ந்தா, பார்க்கிறவங்களுக்கு ஒட்டுன்னு தெரியுமே.”

“தெரிஞ்சாத் தெரியட்டும். அந்தக் கணக்கு வகுப்புல ஓரமா ஒரு இடம் காலியா இருக்கான்னு நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, டீச்சர்.”